ஒரு வாய்க்கால், ஒரு நோட்டு

மடையைத் திறந்தது முனுசாமி இல்லை. திறந்தது யார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பஜனை கோயில் வாசலில் ஊர் கூடிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

நேற்று உன் தம்பி வந்திருந்தான். உன் காரியமெல்லாம் முடிந்து, புகுந்த வீட்டில் உன் பெட்டியை ஒழித்தபோது கிடைத்ததாம். தினசரித் தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தான். "அக்கா, இதுல உம் பேரும் போட்டுக்கீது. உன்கிட்டயே குட்த்துடச் சொல்லி மாமா அனுப்பிச்சாரு" என்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உன் ஜாடை அவனுக்கு மூக்கில் மட்டும் இருக்கிறது. அவன் போகும்வரை கட்டைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. முதல் பக்கத்தில் உன் பெயர், அதன் கீழே என் பெயர். பிரித்ததும் தானாகத் திறந்துகொண்ட பக்கம் எது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ரைவல் என்ற சொல்லுக்கு மேலே, ஓரத்தில், உன் வலது கட்டைவிரலின் மண்ரேகை. காய்ந்து சாம்பல் நிறமாகி, ஒரு பக்கம் உதிர்ந்திருக்கிறது. தாளை முகர்ந்து பார்த்தேன். ஏரி வண்டலின் வாசனை இல்லை. பழைய தாள் வாசனை மட்டும்தான்.

நோட்டுக்கு முறை வைத்தது நீதான். ஒரு வாரம் உன் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில். யார் வாரமோ அவள்தான் எழுத வேண்டும், மற்றவள் தொடக்கூடாது. "தண்ணிக்கு வெக்கிறாங்கல்ல, அது மாரிதான்டி" என்று சொன்னாய். அந்த முறையில் கடைசியாக நோட்டு உன் கைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நீ தரவில்லை. நான் கேட்கவில்லை. இப்போது உன் தம்பி மூலமாக என் முறை வந்திருக்கிறது.

ப்ளஸ் டூ வந்த புதிது. நாம் அதில் முதல் செட். உத்திரமேரூர் கடைத்தெருவில், பாய் மளிகைக் கடைக்கு மாடியில் இருந்த நூலகத்தில் அந்த டிக்‌ஷனரியைக் கண்டுபிடித்தது நீ. எந்தத் துரை வீட்டு ஏலத்திலிருந்து வந்ததோ, முதுகு பிய்ந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மற்ற அகராதிகள் சொல்லுக்குப் பொருள் மட்டும் சொல்லும். அது ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து புறப்பட்டு எந்த வழியாக வந்தது, வழியில் என்ன வேஷம் போட்டது என்றெல்லாம் சொன்னது. வீட்டுக்குத் தரமாட்டார்கள். "இங்கியே குந்தி எழுதிக்கோங்கம்மா. எறும்பு சக்கரைய இழுக்கற மாரி ஒண்ணொண்ணா இழுத்துக்கினு போங்க, எவன் வாணாங்கறான்?" என்பார் நூலகர். சனிக்கிழமை எட்டு மணிக்குத் திறப்பார். குறுக்கெழுத்துப் போடும் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர் எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவார். புத்தகம் அவர் கைக்குப் போனால் அன்றைய நாள் போச்சு. அதனால் நாம் ஊரிலிருந்து ஏரிக்கரை வழியாகக் குறுக்கே நடந்து, பாதி தூரம் ஓடி, மாடிப்படி ஏறுவோம். கீழே கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே பாய் கேட்பார்: "இன்னாம்மா, ரெண்டு பேர்ல யாரு கலெக்டரு?"

மஸில் என்றால் சின்ன எலி. தோலுக்கு அடியில் எலிக்குட்டி ஓடுவது போலத் தெரிவதால் அந்தப் பெயர். அதைப் படித்த வாரம் முழுக்க, கையை மடக்கிக் காட்டும் உன் தம்பியை எனக்குக் காட்டி, "தோ ஓடுது, தோ ஓடுது, பொறி வெய்யிடி" என்று அவனை அழவைத்தாய். கேண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவன்; பழைய ரோமாபுரியில் ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் அங்கியை வெள்ளையாக்கிப் போட்டுக்கொண்டு வருவார்களாம். அந்த வருஷம் தேர்தலில் நம் தெருவுக்கு வந்த வேட்டிகளைப் பார்த்து இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கம்பேனியன் என்றால் சேர்ந்து ரொட்டி தின்கிறவர்கள். ரொட்டிக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பன் வாங்கிப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாய். "இனிமேட்டு நீ எனக்குக் கம்பேனியன். எழுதி வெச்சிக்கோ."

எழுதி வைத்தேன். என் வாரம்தான் அது. இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு தனிப் பட்டியல் உண்டு, தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொற்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, பந்தல். ஒவ்வொன்று கிடைத்தபோதும் நம் சொந்தக்காரர் யாரோ சீமைக்குப் போய் உத்தியோகம் பார்ப்பது போல் அவ்வளவு பெருமை நமக்கு. ஐந்தாவதாக ஒன்று கிடைத்தது. பரையா. ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்று பொருள். மூலம் தமிழ், பறை என்ற கருவி. நீ "இன்னொண்ணு!" என்று என் தொடையில் தட்டினாய். நான் எண் போட்டு எழுதி, பக்கத்தில் ஒரு டிக் அடித்தேன். அந்த டிக் இன்னும் இருக்கிறது. நம் ஊரில் ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் இருக்கிறவர்களின் பெயரை, உலகம் முழுக்க இழிசொல்லாக எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, நம்முடைய சொல் ஒன்று கூடியது என்று சந்தோஷப்பட்டோம். அன்றைக்குத் திரும்பி வரும்போது முனுசாமி வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் கரையிலிருந்து இறங்கி வழி விட்டார். அப்பா வயது அவருக்கு. "முனுசாமி, தண்ணி எவ்ளோ கீது?" என்று நீ கேட்டாய். நாம் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். ஆயிரம் சொற்களுக்கு வேர் தேடினோம், இதை யோசிக்கவில்லை.

முனுசாமி நம் ஏரியின் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரைக் கழனிக்குக் கழனி பிரித்துவிடும் வேலை, பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துக்கு. ஏரி நிறைந்திருக்கும்போது அவரை யாரும் நினைப்பதில்லை. தண்ணீர் இறங்கிவிட்டால் முறை வைப்பார்கள். இன்ன வீட்டுக்கு இன்ன நாள், காலையிலிருந்து உச்சி வரை, உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை என்று. முறை நடக்கும்போது வாய்க்காலில் எந்த மடையையும் அவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் திறக்கவோ அடைக்கவோ கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரரும் தொடக்கூடாது. அடைத்த மடையின் மேல் ஒரு நொச்சிக் கொத்தை நட்டுவிட்டுப் போவார். அது நிற்கிறவரை பூட்டுப் போட்ட மாதிரி. இதற்கெல்லாம் கூலி அறுவடையின்போதுதான். களத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் காணிக்கு இத்தனை என்று கதிர்க்கட்டுகளைத் தூக்கிப் போடுவார்கள். போகம் முழுக்க வாய்க்காலில் நடந்துவிட்டுக் கடைசியில் ஒரே நாளில் வாங்குகிற கூலி.

உங்கள் நிலம் தலைமடை, எங்களுடையது கடைமடை. நடுவில் அதே வாய்க்கால். உன் நைனாவுக்கும் எங்கள் அப்பாவுக்கும் வருஷத்தில் பத்து மாதம் சினேகம், ஏரி வற்றுகிற இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்தது. மாசிக் கடைசியில் நவரை நெல் பால் பிடிக்கிற சமயத்தில் ஏரியில் குட்டை குட்டையாகத்தான் தண்ணீர். நாம் இரண்டு பேரும் காஞ்சிபுரத்தில் காலேஜ் சேர வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். உன் நைனாவும் என் அப்பாவும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே ஒரே பதிலைச் சொன்னார்கள்: இந்த நவரை கைக்கு வந்தால் பார்க்கலாம்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து உச்சி வரை எங்கள் வீட்டு முறை. நோட்டு உன் கையில் இருந்தது. அன்றைக்கு அதை எனக்குத் தர வேண்டும். ஏரிக்கரையில் வரும்போதே உனக்குப் பொறுக்கவில்லை.

"ரைவல்னா இன்னா தெரியுமாடி?"

"எதிராளி."

"அது இப்போ. ஆரம்பத்துல இன்னா தெரியுமா? ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கிறவங்கோ! அந்த ரோமாபுரிலயும் மடைச் சண்டதான் போலக்கீது. எங்க நைனா, உங்க அப்பா. நம்ம ரெண்டு பேருந்தான்!"

நானும் சிரித்தேன். வாய்க்கால் பிரிகிற இடத்துக்கு வந்திருந்தோம். உங்கள் பக்க மடை அடைத்திருந்தது, மேலே நொச்சி. எங்கள் கழனிக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நீ நோட்டை என்னிடம் கொடுத்தாய். செருப்பைக் கழற்றினாய். நொச்சிக் கொத்தைப் பிடுங்கிக் கரையில் போட்டாய்.

"இன்னாடி பண்ற?"

"அரை மணி நேரம். எங்க மேட்டுக் கழனி ரெண்டுக்கும் நேத்து தண்ணி ஏறவே இல்ல. பயிரு வெளுத்துப் போச்சி. ஈரம் காட்டினா போதும்டி."

"முனுசாமி பாத்தா?"

"அவன் உங்க கடைமடையில கீறான். லைப்ரரில போயி புக்க புடிச்சிக் குட்த்துட்டு நான் ஓடியாந்து அடச்சிடறேன். நீ எழுதிக்கினு இரு."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் மண்ணை வழித்துத் தள்ளினாய். தண்ணீர் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு உங்கள் பக்கம் திரும்பியது. கையைச் சரியாகக் கழுவக்கூட இல்லை, நோட்டை என்னிடமிருந்து பிடுங்கிப் பிரித்து ரைவல் பக்கத்தைக் காட்டினாய். "தோ, படி. நான் பொய்யா சொல்றேன்?" உன் கட்டைவிரல் அப்போது பதிந்ததுதான்.

அது எங்கள் தண்ணீர் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஏன் தடுக்கவில்லை என்று இந்த ஒன்பது வருஷத்தில் பலவிதமாக எனக்கே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உன் மேல் பிரியம் என்பது அதில் ஒன்று. அரை மணி நேரம்தானே என்பது இன்னொன்று. தடுத்தால் நீ என்னை அற்பமாக நினைத்துவிடுவாய் என்ற பயம், அதுதான் நிஜம் என்று இப்போது தோன்றுகிறது.

நூலகத்தில் போஸ்ட்மாஸ்டருக்கு முன்னால் போய்ப் புத்தகத்தைப் பிடித்தோம். நீ உட்காரவில்லை, ஒரே ஒரு சொல் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நின்றபடியே புரட்டினாய். எனக்குப் பிடித்த எழுத்து என்று எனக்காக இங்கிலீஷ் 'என்' எழுத்துப் பக்கம் திறந்தாய். நைஸ் என்ற சொல் கண்ணில் பட்டது. நம் இங்கிலீஷ் டீச்சர் எல்லாவற்றுக்கும் சொல்லும் சொல். நைஸ் ரைட்டிங், நைஸ் கேர்ள். அதற்கு மூலப் பொருள் அறியாதவன், ஒன்றும் தெரியாத முட்டாள் என்று போட்டிருந்தது. நீ தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். நூலகர் மேசையைத் தட்டினார். அந்தச் சொல் அங்கிருந்து எப்படி எப்படியோ மாறி, கூச்சமுள்ளவன், நுணுக்கமானவன், நல்லவன் என்று வந்து சேர்ந்த பாதையை நீ படிக்க நான் எழுதினேன். அது இன்னொரு சொல்லுக்கு அனுப்பியது, அது வேறொன்றுக்கு. எப்போது நீ உட்கார்ந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. எனக்கு மடை நினைவு வந்தது. பத்து மணி வாக்கில், எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்தது. தலை நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ ஒரு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாய். நகத்தில் கறுப்பாக மண். சொன்னால் எழுந்து போய்விடுவாய். இன்னும் ஒரு சொல் ஆகட்டும் என்று குனிந்துகொண்டேன். நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. இதில் யார் பங்கு பெரிது என்று எனக்குத் தெரியும்.

ரைஸ் மில் சங்கு ஊதியபோது உச்சி. எங்கள் முறை முடிந்துவிட்டது.

சாயங்காலம் பஜனை கோயில் வாசலில் கூடினார்கள். புகார் சொன்னது என் அப்பா. அதிலும் வேடிக்கை உண்டு, அவர் முனுசாமி மேல் சொல்லவில்லை. உன் நைனா மேல்தான் சொன்னார். உன் நைனா தலையில் அடித்துக்கொண்டார். "நான் கழனிப் பக்கமே போவலய்யா. காலைலேர்ந்து செங்கல்பட்ல கோர்ட்டு வாசல்ல குந்திக்கினு இருந்தேன். தானா வந்து பாஞ்ச தண்ணிய இன்னா பண்றது, மடிச்சித் திருப்பி அனுப்பறதா?" சிரித்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. கோர்ட்டுக்குப் போனதற்கு இரண்டு சாட்சிகளும் இருந்தார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள்.

முனுசாமி தெருவில், கோயில் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். துண்டு கக்கத்தில், மண்வெட்டி காலடியில்.

"ஏன்டா, நொச்சிக் கொத்து தானா எழுந்து நடந்து போச்சா?" என்று கேட்டார் நாட்டாமை.

"என் மம்புட்டி பட்ட வெட்டு இல்லீங்க அது. மம்புட்டியில வெட்டினா மண்ணு கட்டியா எழும்பும். இது கையால வழிச்ச மண்ணு. வந்து பாருங்க, இன்னும் தெரியுது."

"கையால மண்ணு வழிக்க நம்மூர்ல எவனுக்குடா தலையெழுத்து? இவ்ளோ நேரம் நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"கடைமடையில தண்ணி சன்னமா வந்துதுங்க. நண்டு வளையில போவுதோன்னு வாய்க்கா பூரா தடவித் தடவி அடச்சிக்கினு மேல வந்தேன். பிரிவாண்ட வர்றதுக்குள்ள சங்கு ஊதிட்டாங்க."

"முறை நடக்கறப்போ மடைய யாரு தொடலாம்?"

"நான்தாங்க."

"வேற யாராச்சும் தொடலாமா?"

"கூடாதுங்க."

"அப்ப யார்ரா தொட்டது?"

அவ்வளவுதான். வேறு யாரும் தொடக்கூடாது, ஆகவே வேறு யாரும் தொடவில்லை. அவரைக் காப்பாற்ற வைத்த கட்டுப்பாடு அவர் கழுத்தைப் பிடித்தது. யாரும் எழுந்து போய் மண்ணைப் பார்க்கவில்லை. தலைமடைக்காரரிடம் என்ன வாங்கினாய் என்று ஒருவர் கேட்டார். சாராயம்தான் வேறென்ன என்று இன்னொருவர் சொன்னார். முனுசாமி குடிக்க மாட்டார்.

அப்போதுதான் அவர் சொன்னார். "ரெண்டு சின்னம்மாவும் காலைல கரை மேல போனாங்கோ. அவுங்கள கேளுங்க. பட்ச்ச புள்ளைங்கோ, பொய் சொல்ல மாட்டாங்கோ."

"கேப்போம்டா. கல்லுல சட்டம் வெட்டி வெச்ச ஊரு பக்கத்துல கீறோம், சாட்சி கேக்காம உன்னத் தண்டிக்க மாட்டோம்" என்றார் நாட்டாமை.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். தண்ணீர் இழந்த வீட்டுப் பெண். நீ என் பக்கத்தில் வந்து நின்றாய், இரண்டு கையையும் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு. அப்பாவே கேட்டார். "அந்தப் பக்கமாத்தான போன? மடையாண்ட யாரயாச்சும் பாத்தியாம்மா?"

உன் நைனா எதிரில் உட்கார்ந்திருந்தார். சொன்னால், தண்ணீர் திருடிய வீடு என்று அபராதம் போடுவார்கள். உன் காலேஜ் போகும், உனக்கு வருகிற வரனெல்லாம் வாசலோடு திரும்பும். சொல்லாவிட்டால் அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது முனுசாமியை வேலையை விட்டு எடுப்பார்கள், ஒரு கதிர்க்கட்டு கிடைக்காது. இது இரண்டும் எனக்கு அந்த நிமிஷமே தெளிவாகத் தெரிந்தது. தடுமாறினேன், குழம்பினேன் என்றெல்லாம் உன்னிடம் சொல்ல மாட்டேன். முனுசாமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்ப்பாகக்கூட இல்லை, நிச்சயமாகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

நைஸ். காலையில்தான் எழுதியிருந்தேன்.

உன்னைக் கேட்டார்கள். "நாங்க பாக்கலீங்க" என்றாய். குரல் நடுங்கவில்லை. முனுசாமி உன் கையைப் பார்த்தார், தாவணிக்குள் இருந்த கையை. பிறகு மண்வெட்டியைத் தூக்கிக் கோயில் படிமேல் சாய்த்து வைத்தார். அது ஊர் வாங்கிக் கொடுத்தது.

எங்கள் கடைமடையில் அந்தப் போகம் பாதிக்குமேல் பதர். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். அடுத்த வருஷம் அக்காவின் கல்யாணம் வந்தது, அதற்கடுத்த வருஷம் காலேஜ் பேச்சே இல்லை. நூலகத்தில் இருந்த புத்தகங்களை எல்லாம் நானே தனியாகப் படித்து முடித்தேன். போஸ்ட்மாஸ்டர் இறந்துவிட்டார், டிக்‌ஷனரிக்குப் போட்டியில்லை. மெழுகு பூசாதது என்று நாம் எழுதி வைத்தோமே, ஸின்ஸியர் என்ற சொல்லுக்கு, சிற்பிகள் விரிசலை மெழுகால் மறைத்த கதையோடு? அது யாரோ கட்டிவிட்டது என்று பின்னால் வேறொரு புத்தகத்தில் படித்தேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்போது நீ திருமுக்கூடல் பக்கம் வாழ்க்கைப்பட்டு, இங்கிலீஷ் டீச்சராகி, பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாய். இன்று நோட்டைப் புரட்டினால், அந்தக் கதைக்குக் கீழே உன் சிவப்பு மையில் 'வகுப்பில் சொல்லலாம்' என்று எழுதியிருக்கிறது.

நாம் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை. பொங்கலுக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், அதே டீக்கடைக்கு எதிரில்தான், முதல் முறையாக நான் அந்தப் பேரை எடுத்தேன். முனுசாமி என்ன ஆனார் என்று எப்போதாவது விசாரித்தாயா என்று கேட்டேன். நீ குடையை மடக்கினாய், விரித்தாய், மறுபடியும் மடக்கினாய். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"அன்னிக்கு நீ சொல்லியிருக்கலாம் இல்ல? உன்னதான மொதல்ல கேட்டாங்கோ."

உன் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைக்கூட ஆட்டினாய். உனக்கு மஞ்சள் காமாலை முற்றியபோது என்னைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாயாம். எனக்குச் செய்தி வந்தது. மறுநாள் போகலாம் என்று இருந்தேன். மறுநாளும் மறுநாள் என்றேன். நீ என்ன சொல்ல நினைத்தாய் என்று இனித் தெரியப்போவதில்லை. ஒருவேளை நோட்டைத் தருவதற்காக இருக்கலாம். பக்கத்தைக் கிழித்துப் போட உனக்கு ஒன்பது வருஷம் இருந்தது, கிழிக்கவில்லை. அதற்கு என்ன பொருள் என்று நான் தேடவில்லை. பொருள் தேடி நாம் பட்டது போதும்.

அன்று வாய் திறப்பது என் முறை என்று நீ காத்திருந்தாய். மடையைத் திறந்தவள் நீ, உன் முறை என்று நான் காத்திருந்தேன்.

இன்று காலை காலனிக்குப் போனேன். பிறந்து இருபத்தேழு வருஷத்தில் முதல் முறை. முனுசாமியின் தம்பி வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். எழுந்து நிற்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனதைச் சொன்னேன். மடையைத் திறந்தது உங்கள் அண்ணன் இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும்.

"அது எங்களுக்கும் தெரியும்மா" என்றார். கை நிற்கவில்லை. "மண்ணுல வளையலு தடம் இருந்திச்சின்னு அண்ணன் அன்னிக்கே சொல்லிச்சி. சொன்னா எடுபடுமா? நீங்கதான் சொல்லணும்னு பாத்துக்கினு இருந்திச்சி."

குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் எழுதாமல் இருக்கிறது. முறைப்படி என் வாரம். அந்தக் கடைசிப் பட்டியலில் நான் போட்ட டிக்கை ரப்பரால் அழிக்கப் பார்த்தேன், மை, போகவில்லை. நோட்டை என் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.

அந்தப் போகத்தில் முனுசாமிக்கு ஒரு கதிர்க்கட்டும் கிடைக்கவில்லை. பங்குனி முடிவதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போனார். மூன்றாம் வருஷம் சாரம் சரிந்து விழுந்து அங்கேயே இறந்தார். உங்கள் மேட்டுக் கழனி இரண்டும் நன்றாக விளைந்தன. ஆனி மாதம் நீ காலேஜில் சேர்ந்தாய்.